வீட்டு அலமாரியிலிருந்து நோயாளர் விடுதி வரை: வன்னி மாணவர்களுக்கு மருத்துவத்துறை பற்றிய முழுமையான வழிகாட்டி

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவருக்கு இதயத்தின் நான்கு அறைகளும் வால்வுகளும் மனப்பாடம். ஆனால் தன் கிராமத்துக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தர் யார், நெடுங்கேணியில் ஒருவருக்கு நடுச்சாமத்தில் நெஞ்சுவலி வந்தால் எந்த வழியால் எந்த வைத்தியசாலைக்குப் போவார், அங்கே என்ன வசதி உண்டு, என்ன இல்லை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பாடத்திட்டத்தில் அது இல்லை. மருத்துவத்துறைக்குள் போக நினைக்கும் ஒருவர் முதலில் அறிய வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். நோயாளி எந்த வழியால் வருகிறார், அந்த வழி நெடுக யார் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அந்த வழியில் நமக்குரிய இடம் எது என்று யோசிக்க முடியும்.

இந்த வழிகாட்டி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் உயர்தரம் படிப்பவர்களுக்கும், பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவர்களுக்குமானது. காத்திருக்கும் அந்த மாதங்கள் இதற்கு மிகவும் பொருத்தமானவை. ஆசிரியர் ஒருவர் முன்னின்றால் வகுப்பாகச் செய்யலாம். இல்லாவிட்டால் இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்தாலே போதும். தேவையானவை ஒரு கொப்பியும் பேனையும் பொறுமையும்.

படி 1: வீட்டு அலமாரியைத் திறவுங்கள்

அம்மாவிடம் கேட்டு உங்கள் குழந்தை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுங்கள். பிறந்த நிறை, மாதந்தோறும் புள்ளியிட்டு வரைந்த வளர்ச்சிக் கோடு, போட்ட தடுப்பூசிகள் எல்லாம் அதில் இருக்கும். 2009 க்கு முன் வன்னியில் பிறந்த பலருடைய பதிவேடுகள் இடப்பெயர்வில் தொலைந்துபோயின. உங்கள் வீட்டில் அப்படியென்றால் தம்பி தங்கச்சியினுடையதையோ பக்கத்து வீட்டுக் குழந்தையினுடையதையோ கேட்டுப் பாருங்கள்.

அந்தப் புத்தகத்தில் நாட்டின் சுகாதாரக் கொள்கை முழுவதும் சுருங்கிக் கிடக்கிறது. காசநோயைத் தடுக்கப் பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசியின் தழும்பு உங்கள் இடது புயத்தில் இருக்கும். இப்போதைய அட்டவணைப்படி 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கு எதிரான கூட்டுத் தடுப்பூசியும் போலியோ தடுப்பு மருந்தும், 9 மாதத்திலும் 3 வயதிலும் சின்னமுத்து உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான ஊசியும் கிடைக்கின்றன. பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் ஆறாம் வகுப்பில் பாடசாலையிலேயே போடப்படுகிறது. 1978 இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தின் தொடர்ச்சி இது. ஒரு சதமும் கட்டாமல் உங்கள் உடம்புக்குள் எத்தனை பேருடைய உழைப்பு போயிருக்கிறது என்பதை எழுதிப் பாருங்கள். ஊசியைக் குளிரில் வைத்துக் கொண்டுவந்தவர், போட்டவர், பதிந்தவர், வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்கு வந்தவர் என்று பட்டியல் நீளும்.

படி 2: கிராமத்தில் நிற்பவர்களைச் சந்தியுங்கள்

இலங்கையின் அரச சுகாதார சேவைக்கு இரண்டு கைகள் உண்டு. ஒன்று நோய் வந்தபின் பார்க்கும் வைத்தியசாலைகள். மற்றது நோய் வராமல் பார்க்கும் பொதுச் சுகாதாரப் பிரிவு. மாணவர்கள் முதலாவதை மட்டுமே மருத்துவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதன் அடிப்படை அலகு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. சனம் அதைச் சுருக்கமாக எம்.ஓ.எச். ஒபிஸ் என்று சொல்லும். இந்த முறை 1926 இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதார அலகிலிருந்து வளர்ந்து நாடு முழுவதும் பரவியது.

அந்தப் பணிமனையில் இரண்டு பேரை அவசியம் சந்தியுங்கள்.

முதலாமவர் குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பிணித் தாயைப் பதிவது, வீடு தேடிப் போவது, பிள்ளை பிறந்தபின் தொப்புள்கொடி காய்ந்ததா, தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா, தாய்ப்பால் சரியாகக் கொடுக்கிறாரா என்று பார்ப்பது எல்லாம் இவர்தான். வன்னியில் ஒருவருடைய பிரிவு காட்டுப்பாதையும் வாய்க்கால் வரம்புமாகப் பல கிலோமீற்றர் விரியலாம். மழைக்காலத்தில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போகும் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். தென்னாசியாவில் தாய் சேய் மரணம் குறைந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று என்று பாடநூலில் படிக்கிறோம். அந்த வசனத்துக்குப் பின்னால் நிற்பது இந்த வீட்டுத் தரிசிப்புகள். என் கணிப்பில் முழு அமைப்பிலும் மிகக் குறைவாக மதிக்கப்படும் மிக முக்கியமான ஆள் இவர்தான்.

இரண்டாமவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ. சாப்பாட்டுக் கடையைச் சோதிப்பவர் என்று மட்டும் நினைக்க வேண்டாம். டெங்கு வந்த வீட்டைச் சுற்றி நுளம்பு பெருகும் இடத்தைத் தேடுவது, கிணற்றுக்குக் குளோரின் போடுவது, விசர்நாய்க் கடியைத் தொடர்ந்து பார்ப்பது, எலிக்காய்ச்சல் காலத்தில் வயலில் இறங்குவோருக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை கிடைக்கச் செய்வது எல்லாம் இவருடைய வேலை. எல்லாரும் வயலுக்குள் நிற்கும் காலபோகத்தில் இவருக்கு ஓய்வில்லை.

மன்னார்ப் பக்கத்து மாணவர்கள் மலேரியாவைப் பற்றிக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். வன்னியில் ஒருகாலத்தில் மலேரியா வராத வீடு அபூர்வம். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும் இனம் அது. நோய் இல்லாத ஊரில் இன்றும் ஏன் இரத்தப் பூச்சு எடுக்கிறார்கள், ஏன் கிணறுகளுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. பூச்சியியல் ஒரு சுகாதாரத் தொழில் என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

படி 3: உங்கள் பகுதியின் வைத்தியசாலை வரைபடத்தைக் கையால் வரையுங்கள்

கூகுள் வரைபடம் வேண்டாம், ஒரு பெரிய தாளை எடுங்கள். நடுவில் ஏ9 வீதியைக் கீறி வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் ஆகியவற்றைக் குறியுங்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாகவும், பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகவும் முல்லைத்தீவுக்கு இரண்டு கோடுகள். மேற்கே மன்னாரிலிருந்து பூநகரிக்கு ஒரு கோடு. இனி வைத்தியசாலைகளை அவற்றின் தரத்தோடு வையுங்கள்.

அடியில் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையங்கள். அங்கே வெளிநோயாளர் சிகிச்சை மட்டும்தான், தங்கிச் சிகிச்சை பெற முடியாது. அடுத்தது பிரதேச வைத்தியசாலை. சில விடுதிகளும் சில வைத்தியர்களும் இருப்பார்கள், விசேட வைத்திய நிபுணர் இருக்கமாட்டார். தர்மபுரம், அக்கராயன், பூநகரி போன்றவை இந்த வகை. அதற்கு மேலே மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் போன்ற ஆதார வைத்தியசாலைகள். அதற்கும் மேலே மாவட்டப் பொது வைத்தியசாலைகள். வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு என நான்கு மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்று உண்டு. வடக்கு முழுவதற்கும் உச்சியில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. அது மத்திய சுகாதார அமைச்சின் கீழ் நேரடியாக இயங்குகிறது. கீழ்மட்ட வைத்தியசாலைகள் மாகாண நிர்வாகத்தில் உள்ளன. மாவட்டத்துக்கு ஒரு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவற்றைப் பார்த்துக்கொள்கிறார். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வன்னிச் சனம் தெல்லிப்பளைக்குப் போகிறது. வவுனியாவிலிருந்து சிலர் அனுராதபுரத்துக்கும் அனுப்பப்படுகிறார்கள்.

இப்போது தூரத்தை எழுதுங்கள். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். ஒவ்வொரு வைத்தியசாலைக்குப் பக்கத்திலும் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். இரவில் சத்திரசிகிச்சை செய்ய முடியுமா? சி.டி. ஸ்கேன் உண்டா? இரத்த வங்கி உண்டா? குறைமாதக் குழந்தையை வைத்துப் பார்க்க முடியுமா? விடைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே பழைய தகவலை நம்பாமல் அங்கேயே கேட்டு எழுதுங்கள். கொழும்பில் படிக்கும் மாணவருக்கு இந்தத் தாளின் அவசியம் புரியாது, அங்கே எல்லாம் பக்கத்தில். வன்னியில் ஒரு வைத்தியர் நோயாளியை இங்கேயே வைத்துப் பார்ப்பதா, அனுப்புவதா, அனுப்பினால் வழியில் என்ன நடக்கும் என்று நாளாந்தம் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானம் இந்தத் தாளில்தான் விளங்கும்.

வழியில் இன்னொரு கண்ணியையும் சேருங்கள்: 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ். இந்திய நன்கொடையில் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 இல் வடக்குக்கு வந்தது. இலவசம். அதில் வரும் அவசர மருத்துவ உதவியாளர்களிடம் பேசக் கிடைத்தால் விடாதீர்கள். வீட்டைக் கண்டுபிடிக்கச் சனம் எப்படி வழி சொல்கிறது என்பதே அவர்களுக்குப் பெரிய பிரச்சினை. உங்கள் வீட்டுக்கு வழியை நான்கு வசனத்தில் தெளிவாகச் சொல்லிப் பழகுங்கள், இன்றைக்கே பயன்படும்.

இந்த நாட்டில் யாரும் எந்த அரச வைத்தியசாலைக்கும் நேரே போகலாம், கீழ்மட்டத்தின் கடிதம் தேவையில்லை. அது பெரிய உரிமை. அதனால்தான் தடிமனுக்கும் மாவட்ட வைத்தியசாலையில் வரிசை நிற்கிறது, பக்கத்துப் பிரதேச வைத்தியசாலை வெறுமையாகக் கிடக்கிறது. ஏன் சனம் தாண்டிப் போகிறது என்று ஊரில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். மருந்து இருக்காது, டொக்டர் இருக்கமாட்டார், டெஸ்ட் செய்ய ஏலாது என்று பதில்கள் வரும். அவற்றை அப்படியே எழுதி வையுங்கள்.

தனியார் பக்கத்தையும் மறக்க வேண்டாம். அரச வைத்தியர்கள் வேலை நேரத்துக்குப் பின் தனியாகப் பார்க்க அனுமதி உண்டு. சனம் "சனல் பண்ணி" பார்ப்பது இப்படித்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது, துண்டு எழுதி வெளியே வாங்கச் சொன்னார்கள். இலவசம் என்று நாம் சொல்வதற்குள் பஸ் காசு, கூலி இழந்த நாள், வெளியில் வாங்கிய மாத்திரை எல்லாம் ஒளிந்திருக்கின்றன. ஒரு கிளினிக் நாளுக்கு உங்கள் அப்பம்மாவுக்கு எவ்வளவு செலவாகிறது என்று அவரிடமே கேட்டுக் கணக்குப் போடுங்கள்.

படி 4: அனுமதி

தெரிந்தவர் ஒருவர் மூலம் விடுதிக்குள் நுழைந்து பார்ப்பது சரியான வழி அல்ல. அதிபர் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். அதில் மாணவர் பெயர்கள், வகுப்பு, வரும் நாட்கள், பொறுப்பாசிரியர், நோக்கம் எல்லாம் இருக்கட்டும். பிரதேச வைத்தியசாலையென்றால் பொறுப்பு வைத்திய அதிகாரிக்கும், பெரிய வைத்தியசாலையென்றால் பணிப்பாளருக்கும், கிராமிய கிளினிக்கென்றால் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் எழுதுங்கள். பிராந்தியப் பணிப்பாளருக்குப் பிரதி அனுப்புவது நல்லது. பாடசாலையை விட்டு விலகியவர்கள் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு தனிக்கடிதம் கொடுக்கலாம்.

சிறிய வைத்தியசாலையில் தொடங்குங்கள். அங்கே வைத்தியருக்கு உங்களோடு பேச ஐந்து நிமிடமாவது கிடைக்கும்.

படி 5: உள்ளே எப்படி நடந்துகொள்வது

இந்தப் படியில் தவறினால் மற்றப் படிகளால் பயனில்லை.

வன்னியில் எல்லாரும் எல்லாருக்கும் உறவு, அல்லது உறவின் உறவு. நீங்கள் நிற்கும் கிளினிக்கில் உங்கள் பக்கத்து வளவு மாமி வரலாம். காசநோய்ப் பிரிவுக்கு உங்கள் பழைய ஆசிரியர் வரலாம். மனநலக் கிளினிக்கில் உடன்படித்தவரின் அண்ணன் இருக்கலாம். நகரத்தில் நோயாளி ஒரு முகம் தெரியாத ஆள். இங்கே அவருக்கு முகம், குடும்பம், கலியாணப் பேச்சு எல்லாம் உண்டு. ஒரு சொல் வெளியே போனால் அவர் மறுமுறை மருந்துக்கே வராமல் விட்டுவிடுவார்.

ஆகவே தெரிந்தவரைக் கண்டால் நீங்களாகப் போய்க் கதைக்காதீர்கள். அவர் சிரித்தால் சிரியுங்கள், அவ்வளவுதான். அவர் சங்கடப்படுவதாகத் தெரிந்தால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். கொப்பியில் பெயரோ ஊரோ எழுத வேண்டாம். "ஐம்பது வயதளவில் ஒரு ஐயா, விவசாயி" என்று எழுதினால் போதும். அதுவும் அடையாளம் காட்டுமென்றால் தொழிலையும் விட்டுவிடுங்கள். கைப்பேசி பைக்குள்ளே இருக்கட்டும், உங்களைச் செல்பி எடுத்தாலும் பின்னால் யாராவது விழுவார்கள். வீட்டில் அம்மா நிச்சயமாகக் கேட்பார்:

"இண்டைக்கு ஆரையெல்லாம் கண்டனி?"

"அது சொல்லக்கூடாது அம்மா. ஆனா என்ன பாத்தனான் எண்டு சொல்லுறன்."

இந்தப் பதிலைப் பழகிக்கொள்ளுங்கள். மருத்துவ நெறிமுறை பற்றிய முதல் பாடம் வீட்டு விறாந்தையில்தான் நடக்கிறது.

வைத்தியர் ஒருவர் நோயாளியைப் பார்க்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டுமானால் நோயாளியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். "இவர்கள் மாணவர்கள், நிற்கலாமா?" என்று வைத்தியர் கேட்டால் எங்கள் சனம் பெரும்பாலும் தலையாட்டும், மறுக்கத் தெரியாமல். அந்தத் தலையாட்டலில் விருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்று தோன்றினால் நீங்களே வெளியே வாருங்கள். பெண்களை உடல் பரிசோதனை செய்யும்போது எந்தச் சாட்டும் வேண்டாம், திரைக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

போரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். காலில்லாத ஒருவர் வேறு ஏதோ வருத்தத்துக்கு வந்திருப்பார். உடம்புக்குள் இன்னும் எறிகணைச் சிதறல் இருப்பவர்கள் எக்ஸ்ரே பிரிவுக்கு வருவார்கள். அவராகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக: மூடிய செருப்பு அல்லது சப்பாத்து, கட்டிய தலைமுடி, வெட்டிய நகம். விடுதிக்குள் போகும்போதும் வரும்போதும் கை கழுவுங்கள். ஊசி, இரத்தம் பட்ட பஞ்சு, மஞ்சள் நிறக் கழிவுப் பை எதையும் தொடக்கூடாது. காய்ச்சல் தடிமன் இருந்தால் அன்றைக்குப் போக வேண்டாம். மயக்கம் வருவதாகத் தெரிந்தால் உடனே கீழே இருந்துவிடுங்கள். அது முதல்நாள் பலருக்கும் வரும், இந்தத் தொழிலுக்கு ஏற்றவர் இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல.

படி 6: ஒரு நோயாளியின் காலைப்பொழுதை முழுவதும் பின்தொடருங்கள்

வைத்தியரின் அறையிலேயே நின்றால் பாதிதான் தெரியும். சம்மதிக்கும் ஒருவரோடு வாசலிலிருந்து புறப்படுங்கள். எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டார், எந்த பஸ், நம்பர் துண்டு எத்தனை, எவ்வளவு நேரம் இருந்தார், வைத்தியரோடு எத்தனை நிமிடம், ஆய்வுகூடத்தில் எத்தனை, மருந்து கொடுக்கும் யன்னலில் என்ன சொன்னார்கள், அதில் அவருக்கு என்ன விளங்கியது என்று எல்லாவற்றையும் நேரத்தோடு குறியுங்கள்.

அந்த மருந்து யன்னலில் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். நீரிழிவு, பிறசர் இரண்டுக்கும் ஐந்து வகைக் குளிசை ஒரு பையில் போகிறது. "காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு, இது சாப்பாட்டுக்கு முதல்" என்று ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். கண் தெரியாத ஆச்சி உறையில் எழுதியதை எப்படி வாசிப்பார்? சிகிச்சை இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது என்று நான் பலமுறை கண்டிருக்கிறேன். இங்கே மாணவரால் உண்மையாகவே உதவவும் முடியும். மருந்தாளர் அனுமதித்தால் ஆச்சியைப் பக்கத்து வாங்கில் இருத்தி, மருந்தாளர் சொன்னதை மட்டும் மறுபடி சொல்லி, அவரைக்கொண்டு திருப்பிச் சொல்லவைக்கலாம். சொந்தமாக ஆலோசனை எதுவும் சேர்க்கக்கூடாது.

மொழியையும் கவனியுங்கள். நோயாளி சத்தி, ஓங்காளம், முட்டு, விறைப்பு, சலக்கடுப்பு என்று சொல்வார். தெற்கிலிருந்து வந்த இளம் வைத்தியர் தாதியின் உதவியோடு அதை விளங்கிக்கொள்வார், ஆங்கிலத்தில் எழுதுவார். ஒரு வருத்தம் இரண்டு முறை மொழி மாறிப் போகிறது. நோயாளி சொன்ன சொல்லை அப்படியே கொப்பியின் இடப்பக்கத்தில் எழுதி, வலப்பக்கத்தில் வைத்தியர் எழுதியதைக் கேட்டு எழுதுங்கள். உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு மருத்துவ பீடத்தில் ஆங்கிலத்தில் தொடங்குவோருக்கு இந்தக் கொப்பி முதலாம் ஆண்டிலேயே கைகொடுக்கும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். எங்கள் மொழிக்கு இது புதிய வேலை அல்ல. நேரம் கிடைத்தால் சிங்களமும் பழகுங்கள், உங்கள் முதல் நியமனம் எந்த மாவட்டத்தில் என்று இப்போது சொல்ல முடியாது.

படி 7: வைத்தியர் எப்படி யோசிக்கிறார்?

நோய் வரலாறு கேட்டல், உடலைப் பரிசோதித்தல், சோதனைகள், நோயை நிர்ணயித்தல், சிகிச்சை. மருத்துவத்தின் ஒழுங்கு இதுதான். வெறும் வரிசையாகப் படித்தால் இது மனதில் நிற்காது. இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம்.

மார்கழி மழைக்குப் பின் ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு விவசாயி நான்கு நாள் காய்ச்சலோடு வருகிறார். வைத்தியர் கேட்கும் கேள்விகள் தொடர்பில்லாதவை போலத் தோன்றும். வயலுக்குள் இறங்கினீர்களா? கெண்டைக்கால் நோகிறதா? சலம் குறைந்ததா? காடு வெட்டப் போனீர்களா? வீட்டில் வேறு யாருக்கும் காய்ச்சலா? ஒவ்வொரு கேள்வியும் ஒரு நோயைத் தேடுகிறது. வயலும் கெண்டைக்கால் நோவும் சிவந்த கண்ணும் எலிக்காய்ச்சலை நினைவூட்டும். காடும், அக்குள் அல்லது தொடையிடுக்கில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கும் உண்ணிக்காய்ச்சலைக் காட்டும். அந்தப் பொருக்கு நோவதில்லை, நோயாளிக்கே தெரியாது. உடுப்பை விலக்கிப் பார்க்காத வைத்தியர் அதைத் தவறவிடுவார். பக்கத்து வீடுகளிலும் காய்ச்சலென்றால் டெங்கு முன்னுக்கு வரும்.

டெங்குவில் ஒரு விஷயத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். காய்ச்சல் விட்டதும் சனம் நிம்மதியடைகிறது. சிலருக்கு ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். இரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி கசியும் 24 முதல் 48 மணி நேரம் அதுவே. அதனால்தான் காய்ச்சல் இல்லாதவரையும் விடுதியில் வைத்து, மணிக்கணக்கில் நாடித்துடிப்பும் சிறுநீர் அளவும் இரத்தச் செறிவும் பார்க்கிறார்கள். பிளேட்லெட் எண்ணிக்கையைப் பற்றியே எல்லாரும் கதைப்பார்கள். தாதி கட்டிலருகே எழுதும் அந்த அட்டவணையைப் பாருங்கள், உயிர் காப்பது அது. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறு நோ மருந்து எடுக்க வேண்டாம் என்று சொல்வதும் இரத்தக்கசிவுப் பயத்தால்தான்.

அடுத்தது பாம்புக்கடி. புடையன் கடித்தால் இரத்தம் உறையும் தன்மை கெடும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. மின்சாரமில்லாத இடத்திலும் செய்யக்கூடிய இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிளாஸ்டிக் குழாயில் ஏன் செய்யக்கூடாது என்றும் கேளுங்கள், உங்கள் உயிரியல் பாடத்தின் இரத்த உறைவு அத்தியாயம் உயிர்பெறும். கட்டுவிரியன் வேறு மாதிரி. இரவில் நிலத்தில் படுத்தவரைக் கடிக்கும், காயம் சரியாகத் தெரியாது. விடிய வயிற்றுவலியும் இமை தொங்குவதுமாக வருவார். வன்னியில் வயிற்றுவலியோடு வருபவரிடம் "இரவு எங்கே படுத்தீர்கள்?" என்று கேட்பதன் காரணம் அது.

இங்கே பயன்படுத்தும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராவது. நாகம், கட்டுவிரியன், புடையன் ஆகியவற்றின் விஷத்துக்கு அது வேலை செய்யும். இலங்கையில் அதிகமாகக் கடிக்கும் குழிவிரியனுக்கு அதில் முறிவு இல்லை. ஊரில் விஷகடி வைத்தியரிடம் முதலில் போகும் வழக்கம் இன்னும் உண்டு. அவரைக் கேலி செய்வதால் ஒருவரும் வைத்தியசாலைக்கு வரமாட்டார்கள். கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், மோதிரம் காப்பைக் கழற்றி, கை காலை அசையாமல் வைத்து உடனே கொண்டுவரச் சொல்லிக் கிராமத்தில் எடுத்துச் சொல்வது மாணவர் செய்யக்கூடிய வேலை. பாம்பைப் பிடித்துக் கொண்டுவரத் தேவையில்லை.

படி 8: நீண்டகாலத் துன்பங்களைப் பாருங்கள்

அவசர சிகிச்சைப் பிரிவு மாணவரை இழுக்கும். ஆனால் வன்னியின் பெரும் சுமை வேறிடத்தில் இருக்கிறது. வவுனியாப் பக்கத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் விவசாயிகளைத் தாக்குகிறது. சிறுநீரகக் கிளினிக்கில் ஒருநாள் இருந்து பாருங்கள். குடிநீர், வெயில், விவசாய இரசாயனம் என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன, ஒன்றும் முடிவாகவில்லை. அறிவியல் இன்னும் விடை தேடும் ஒரு கேள்வி உங்கள் வாசலிலேயே இருக்கிறது.

போர் விட்டுச் சென்றது இன்னொன்று. 2009 இன் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்குள்ளாகி, பின் புதுமாத்தளனில் பாடசாலைக் கட்டடமொன்றில் இயங்கியது. காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கப்பலில் ஏற்றிச் சென்றது. அந்த நாட்களில் மயக்க மருந்தும் இரத்தமும் இல்லாமல் வேலை செய்த வைத்தியர், தாதியர், ஊழியர் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். இன்று அதன் தொடர்ச்சி இயன்மருத்துவ (பிசியோதெரபி) அறைகளிலும் மனநலக் கிளினிக்குகளிலும் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையத்திலும் நடக்கிறது. செயற்கைக் கால் ஒருமுறை பொருத்தினால் முடிந்துவிடுவதில்லை. தேயும், உடம்பு மாறும், மறுபடி அளவெடுக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு இன்னும் அடிக்கடி. வரும் பத்தாண்டுகளுக்கும் இந்த நிலத்துக்கு இயன்மருத்துவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் உளநல உத்தியோகத்தரும் தேவை.

பார்த்தவை உங்கள் மனதையும் பாரப்படுத்தினால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது.

படி 9: எந்தக் கதவு உங்களுக்கு?

இப்போதுதான் தொழிலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மருத்துவப் பட்டம் 5 ஆண்டுகள், அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி, இலங்கை மருத்துவ சபையில் பதிவு. நிபுணராக வேண்டுமானால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மேலும் பல ஆண்டுகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978 இல் தொடங்கியது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. வன்னியின் நான்கு மாவட்டங்களும் பின்தங்கியவற்றின் பட்டியலில் உள்ளன. அப்படியிருந்தும் இடங்கள் மிகக் குறைவு, இசட் புள்ளி ஒரு தசமத்தில் தவறுபவர்கள் உண்டு.

அதனால் வைத்தியராக வராவிட்டால் எல்லாம் போய்விட்டது என்ற எண்ணத்தை வீட்டிலும் வகுப்பிலும் நாம் விட வேண்டும். படி 1 முதல் 8 வரை எத்தனை பேரைச் சந்தித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், அதில் வைத்தியர் எத்தனை பேர்? யாழ்ப்பாணத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டங்கள் உண்டு. பேராதனையில் இயன்மருத்துவமும் கதிரியக்கவியலும் உண்டு. சித்த மருத்துவப் பட்டத்தை 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. பல்கலைக்கழகம் கிடைக்காதோருக்கு அரச தாதியர் பயிற்சி, 3 ஆண்டுகள், படிக்கும்போதே கொடுப்பனவு. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் பயிற்சிக் கல்லூரிகள் உள்ளன. குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகிய சேவைகளுக்கும் உயர்தரச் சித்தியோடு விண்ணப்பிக்கலாம்.

உங்கள் கொப்பியை எடுத்து, எந்த நாளில் நேரம் போனதே தெரியவில்லை என்று பாருங்கள். ஆய்வுகூட நுணுக்குக்காட்டியிலா, பிரசவ விடுதி வாசலிலா, பி.எச்.ஐ. ஐயாவின் பின்னால் கிணறு கிணறாக அலைந்த நாளிலா? அதை வைத்து விருப்ப வரிசையை எழுதுங்கள், அயலவர் சொல்வதை வைத்து எழுத வேண்டாம்.

பெறுபேறு வந்தவுடன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை முழுவதும் வாசியுங்கள். பாடநெறி விருப்பங்களைக் குறைத்துப் போடாதீர்கள். சுகாதார அமைச்சின் பயிற்சிகளுக்கு வர்த்தமானியில் அறிவித்தல் வரும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் தமிழிலும் வெளியாகிறது. முடிவு திகதிக்குக் குறுகிய காலமே இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உறுதிப்படுத்திய பெறுபேற்றுப் பிரதிகள், கிராம அலுவலர் வதிவிடச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு கோப்பில் வையுங்கள். போரில் பிறப்புப் பதிவு தொலைந்தவர்கள் இப்போதே பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள், அதற்கு நாள் எடுக்கும்.